பூனைக்காக அழவிடாத டொக்டர்

“…பொறு, நான் இன்னும் முடிக்கேல்லை. பொலிசைக் கூப்பிட்டாலும் நான் இந்த வானிலையிருந்து இறங்க மாட்டன்!”

பொலிசை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற எண்ணமும் யாருக்கும் இல்லை. வான் வண்டி நின்றது ரஜனியின் சொந்த வீட்டு வாசலில். ரொறொன்ரோவின் ஸ்காபரோப் பக்கம், மல்வேர்னில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில், எங்கள் சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு அது. ஓட்டுகிற இருக்கையில் ரஜனி, சமையல் ஏப்ரனோடும் வீட்டுச் செருப்போடும். பக்கத்தில் அவருடைய மகள் நிவேதா, பன்னிரண்டாம் வகுப்பு. பின் இருக்கையில் நான். என் கையில் ரஜனி வீட்டுச் சாமியறை மணி.

பனி உருகி, வீதியோரத்தில் கறுத்த குவியலாகக் கிடந்த காலம். வானுக்குள் ஹீற்றர் இரைந்துகொண்டிருந்தது. ஏப்ரனிலிருந்து தாளித்த வெங்காய வாசம் வந்தது.

நாங்கள் மூவரும் விமான நிலையத்தில் நிற்கிறோம் என்பது ஏற்பாடு.

இது எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால் எங்கள் மூவரின் புத்தியைப் பற்றியும் நீங்கள் தவறாக நினைப்பீர்கள்.

சுற்றுவழியும் குறுக்குவழியும்

இந்த நாட்டில் டொக்டராவது பெரிய சுற்று. முதலில் நாலு வருடம் ஏதாவதொரு பட்டம். பிறகு ஒரு பெரிய பரீட்சை. பிறகு விண்ணப்பம். கிடைக்காவிட்டால் அடுத்த வருடமும் விண்ணப்பம். கிடைத்தால் இன்னொரு நாலு வருடம். அதற்குள் கூடப் படித்தவர்கள் கலியாணம் முடித்து, ஸ்ரௌவ்வில் பக்கம் வீடு வாங்கி, சனிக்கிழமைகளில் புல்லு வெட்டத் தொடங்கிவிடுவார்கள்.

ஆனால் ஒரு குறுக்குவழியும் இருக்கிறது. சில பல்கலைக்கழகங்கள் பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒரு பிடி பிள்ளைகளை மட்டும் எடுத்து, மருத்துவப் படிப்புக்கு இடத்தையும் சேர்த்தே கொடுத்துவிடும். எல்லாம் ஆறு வருடத்துக்குள் முடிந்துவிடும்.

எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு புதினமும் இல்லை. ரஜனியின் கணவர் சிவம் இதைக் கேட்டுவிட்டு, “ஊரிலை ஏ.எல். சோதினை எடுத்த உடனை எல்லாரும் உப்பிடித்தானே போறவை? இவங்கள் இப்பதான் கண்டுபிடிச்சிருக்கிறாங்கள்” என்றார்.

சிவம் பார்சல் கிடங்கில் வேலை செய்கிறார். அவரிடம் எதைக் கேட்டாலும் ஒரே சொல்தான் வரும்: “பாப்பம்.” கூரை ஒழுகினாலும் பாப்பம். மச்சான் கலியாணத்துக்கு அழைத்தாலும் பாப்பம். அப்படிப்பட்ட மனிதர், நிவேதாவை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றதும் முழு வசனமாகவே கோபித்தார்.

“இவ்வளவு மார்க்ஸ் எடுத்த பிள்ளையிட்டை இனி என்ன கதைக்கக் கிடக்கு?”

எனக்கு வாய்த்த நேர்முகங்கள்

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. நான் கண்ட நேர்முகங்கள் அப்படி.

ரொறொன்ரோவுக்கு வந்த புதிதில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின் கதவைத் தட்டினேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த சமையல்காரர் கத்தியோடு வந்து கதவைத் திறந்தார். “நாளைக்கு வருவியா?” என்றார். “வருவன்” என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இப்ப வருவியா?” என்றார். அவ்வளவுதான், கோப்பை கழுவுகிற வேலைக்குத் தெரிவாகிவிட்டேன்.

பல வருடம் கழித்துப் பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனபோது, அங்கிருந்த பெண்மணி, “பிள்ளைகள் காது கிழியக் கத்துவார்கள், தாங்குவீர்களா?” என்று கேட்டார். “நாங்கள் வீட்டிலை ஏழு பேர்” என்றேன். சிரித்துக்கொண்டே பஸ் திறப்பைத் தந்தார்.

நிவேதாவை எனக்கு அந்த பஸ்ஸிலிருந்தே தெரியும். முன்னால் இருக்கிற ஒரு பொடியன் “ட்ரைவர் அங்கிள், எனக்கு…” என்று தொடங்கினால், பின்னாலிருந்து நிவேதா, “அவனுக்கு வாமிற் வருது!” என்று முடித்து வைப்பாள். இன்னொரு பிள்ளை “எங்கடை அம்மா இண்டைக்கு…” என்றால், “ஸ்ரொப்பிலை நிக்க மாட்டா, அம்மம்மாதான் வருவா” என்பாள்.

அவள் சொன்னது ஒருநாளும் பிழைத்ததில்லை. சிக்கலே அதுதான்.

கதவுகள்

நேர்முகம் எப்படி நடக்கும் என்று நிவேதா எனக்கு விளக்கினாள். ஒரு நீளமான நடை, வரிசையாகக் கதவுகள். கதவில் ஒரு கேள்வி ஒட்டியிருக்கும். மணி அடித்தால் உள்ளே போக வேண்டும். உள்ளே ஒரு நடிகர் அழுதுகொண்டோ கத்திக்கொண்டோ இருப்பார். எட்டு நிமிடம் அவரோடு பேச வேண்டும். மூலையில் இருந்து ஒருவர் புள்ளி போடுவார். மறுபடி மணி, அடுத்த கதவு.

பள்ளிக்கூடத்தில் ஒரு மிஸ் இதை ஒருமுறை பழக்கிப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, “நீ மனிதரைக் கணக்குப் போலச் செய்து முடிக்கிறாய்” என்று சொல்லியிருக்கிறார். நிவேதா எந்த அறைக்குள் போனாலும் அரை நிமிடத்தில் ஆளின் பிரச்சினையைத் தீர்த்துவிடுவாள். மிச்ச நேரம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு புன்னகைப்பாள்.

நேர்முகம் அடுத்த சனிக்கிழமை, கிழக்கே மூன்று மணி நேர ஓட்டத்தில் இருக்கிற ஊரில். பள்ளிக்கூடத்திலிருந்து நேரே போகிற அந்தக் கதவு ஒரு பிள்ளைக்கு ஒருமுறைதான் திறக்கும். இந்தப் பழக்கத்தோடு போனால் இவளுக்கு இடம் இல்லை என்று மிஸ் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

ஆகவே அழவும் கத்தவும் ஆள் வேண்டும். அதுவும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள்.

நாடகம் என்று ஒரு பொய்

இங்கேதான் ரஜனிக்கு நாவூறு குறுக்கே வந்தது.

பிள்ளை டொக்டருக்கு நேர்முகம் போகிறாள் என்று ஒரு வாய் அறிந்தால் போதும், மல்வேர்ன் முழுக்கக் கண் வைத்துவிடும் என்பது அவருடைய பயம். எனக்குச் சொன்னதே மணி அடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டதால்தான். “அண்ணை, நீங்கள் பேப்பரிலை எழுதுறனீங்கள். உதை எழுதிக்கிழுதிப் போடாதேங்கோ” என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

(இப்போது எழுதலாமா என்று கேட்டேன். ஓம் என்றார். பெயரை மாற்றட்டுமா என்றேன். “மாத்தினா நாங்கள்தான் எண்டு ஆருக்குத் தெரியும்?” என்றார்.)

அழைத்த ஆட்களுக்கு ரஜனி சொன்ன காரணம்: பள்ளிக்கூட நாடகம். நிவேதாவுக்கு அதில் பெரிய பாத்திரம், கூட நின்று பழக்கிவிட வேண்டும்.

எங்கள் ஆட்களிடம் உதவி கேட்டால் நேரம் பார்ப்பார்கள், ஷிப்ற் பார்ப்பார்கள். நாடகம் என்று கேட்டால் வேஷத்தோடேயே வந்து நிற்பார்கள். அது ரஜனிக்கு மறந்துபோயிற்று.

புதுப் பூனை

முதல் கதவு ரஜனி வீட்டு வரவேற்பறை. அங்கே மேரி அன்ரி. இரண்டு வீடு தள்ளி இருக்கிறவர், மன்னார்ப் பக்கம். இளமையில் தவக்காலப் பாஸ்கு நாடகத்தில் சிலுவையடியில் நின்று அழுகிற பெண்களில் ஒருவராக வருடா வருடம் நடித்தவர். “நான் அழத் தொடங்கினால் பங்குச் சுவாமியாரும் கண்ணாடியைக் கழட்டுவார்” என்று அவரே சொல்லியிருக்கிறார். குளிர்ச் சட்டையைக் கழற்றினார், உள்ளே கறுப்புச் சேலை. கையில் கண் துடைக்கச் சரிகை வைத்த லேஞ்சி.

கதவில் ஒட்டிய கேள்வி: பக்கத்து வீட்டுக்காரரின் பூனை உங்கள் காரில் அடிபட்டுச் செத்துவிட்டது. அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

“பூனைக்கு என்ன பேர்?” என்றார் மேரி அன்ரி.

“பேர் தேவையில்லை அன்ரி.”

“பேர் இல்லாமல் என்னெண்டு பிள்ளை கூப்பிட்டு அழுறது? செல்வி எண்டு வைப்பம்.”

நான் மணி அடித்தேன். நிவேதா உள்ளே போனாள்.

“அன்ரி, ஐ’ம் சோ சொறி. நான் காரைப் பின்னுக்கு எடுக்கேக்கை உங்கடை பூனை அடிபட்டுட்டுது. மை ஃபோல்ற். நான் உங்களுக்குப் புதுப் பூனை ஒண்டு வாங்கித் தாறன்.”

முடிந்தது. நிவேதா கையை மடியில் வைத்துப் புன்னகைத்தாள்.

லேஞ்சியைக் கண்ணுக்குக் கொண்டுபோன மேரி அன்ரி பாதி வழியில் நின்றுவிட்டார்.

“என்ன பிள்ளை உது? நான் இன்னும் அழத் தொடங்கவேயில்லை, அதுக்குள்ளை புதுப் பூனையோ?”

“இற்ஸ் ஓகே அன்ரி, நீங்கள் இப்ப அழலாம்.”

“இனி என்னெண்டு அழுறது? நீர்தான் பூனையை வாங்கித் தந்திட்டீரே!”

ஆனாலும் உடுத்திக்கொண்டு வந்த சேலை வீணாகக் கூடாதல்லவா? “செல்வீ…” என்று மேரி அன்ரி எடுத்த எடுப்பில் குசினியில் நின்ற சிவம் கரண்டியோடு ஓடி வந்தார். “ஆர் அன்ரி? ஆருக்கு என்ன?” என்றார் முகம் வெளிறி. பூனை என்றதும் அவருக்குப் போன உயிர் வந்தது. ஆனால் அன்ரி விடவில்லை. செல்வி பால் குடித்த அழகைச் சொன்னார், கதவடியில் காத்திருந்த விதத்தைச் சொன்னார். இல்லாத பூனைக்கு நானே கண்ணாடியைக் கழற்றினேன். நிவேதா மட்டும் பொறுமையாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள்.

கோபம் வராத மனிதர்

அடுத்த கதவு மேல் மாடி அறை. அங்கே பொன்னுத்துரை அண்ணை, ஓய்வு பெற்றவர், வெக்ஸ்போர்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் பல மணி நேரம் காத்திருந்து பொறுமையிழந்த நோயாளியாக அவர் கத்த வேண்டும்.

“ஆரோடை கோபப்படுறது?” என்று என்னிடம் கேட்டார்.

“நிவேதாவோடை.”

“அது சின்னப் பிள்ளையெல்லோ.”

ரஜனி கீழிருந்து, “என்னிலை உள்ள கோபம் எண்டு நினையுங்கோ அண்ணை!” என்று குரல் கொடுத்தார்.

“உம்மிலை என்னெண்டு பிள்ளை கோபிக்கிறது? இப்பதானே இடியப்பம் தந்தனீர்.”

மணி அடித்தேன். நிவேதா உள்ளே போய், “சேர், நீண்ட நேரம் காத்திருக்க வைச்சதுக்கு மன்னிக்க வேணும்” என்றாள். பொன்னுத்துரை அண்ணை எழுந்து நின்று, “பரவாயில்லைப் பிள்ளை. நீங்களும் எத்தினை பேரைப் பாக்கிறது? வேலை முடிச்சுட்டு ஆறுதலா வாங்கோ” என்றார். இரண்டு பேரும் கை குலுக்கினார்கள்.

மூன்றாவது கதவு குசினி. மாத்திரை ஒழுங்காகப் போடாத நோயாளியாக சிவம். அதற்கு அவர் நடிக்கவே தேவையில்லை.

“இனி மருந்து ஒழுங்காப் போடுவீங்களோ?”

“பாப்பம்.”

“தாங்க் யூ.”

நிவேதா வெளியே வந்து படியில் குந்தினாள். அவள் முகத்தில் இப்போது புன்னகை இல்லை.

“அங்கிள், எனக்கு ஆன்சர் தெரியும்போது எப்பிடி நான் தெரியாத மாதிரி இருக்கிறது? அந்த நேரம் முழுக்க என்னதான் செய்யிறது?”

“நீ கெட்டிக்காரி” என்றேன்.

“அதுதான் பிரச்சினை எண்டு மிஸ்ஸும் சொல்லுறா” என்றவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மேரி அன்ரி வந்து அவள் தலையைத் தடவினார். “நாடகம்தானே பிள்ளை, கவலைப்படாதையும். எழுதினவன்தான் சரியில்லை, அழுறதுக்கு நேரமே வைக்கேல்லை.”

கடைசிக் கதவு

கடைசிக் கேள்விக்குக் கார் தேவை. உங்கள் சிநேகிதி வேலை விடயமாக விமானத்தில் போக வேண்டும். விமான நிலையத்துக்கு வந்த பிறகு பயத்தில் காரை விட்டு இறங்க மறுக்கிறார். அவரோடு பேசுங்கள்.

சிநேகிதியாக வரவேண்டிய பெண்ணுக்கு, வேலையிடத்தில் இன்னொரு ஆள் வராததால் இரட்டை ஷிப்ற். “அப்ப நான் இருக்கிறன்” என்றார் ரஜனி. அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினார்.

“அம்மா, நீங்கள் பாசஞ்சர்!”

“ஹீற்றர் ஆர் போடுறது? ஏறு.”

நான் நேரம் பார்க்கப் பின்னால் ஏறினேன். மணி அடித்தேன்.

“ஃபிளைற்றுக்கு நேரமாச்சு, இறங்குவமா?” என்றாள் நிவேதா.

“மாட்டன்.”

“காரை விட பிளேன் சேஃப். எல்லா ஸ்ரடியும் அப்பிடித்தான் சொல்லுது.”

“ஸ்ரடி என்னோடை பிளேனிலை வருகுதோ?”

“சரி, மூச்சை ஆழமா இழுத்து விடுங்கோ.”

“இவ்வளவு நேரமும் பின்னை என்ன செய்துகொண்டிருக்கிறன்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. கையிலிருந்த மணியும் சேர்ந்து கிணுகிணுத்தது. ரஜனி கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“ஓகே, நான் உங்களோடை செக்கியூரிற்றி மட்டும் வாறன்.”

“வந்து? அங்காலை?”

நிவேதாவிடம் இருந்த பதில்கள் தீர்ந்துவிட்டன. முன் கண்ணாடி வழியாகக் கறுத்த பனிக் குவியலைப் பார்த்தாள். பிறகு தாயின் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டாள்.

“அங்காலை என்ன?”

அன்று திறந்த கதவுகளுக்குள் அவள் பதில் தெரியாமல் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“அங்காலை ஒருத்தரையும் தெரியாது” என்றார் ரஜனி. “காய்ச்சல் வந்தா ஆரை எழுப்புறது? மூண்டு நேரமும் நூடில்ஸ்தான். பக்கத்து அறையிலை இருக்கிறது என்ன மாதிரி ஆக்களோ. வெள்ளை உடுப்பையும் சிவப்பு உடுப்பையும் ஒண்டாப் போட்டுத் தோய்ச்சு…”

பிளேனுக்குப் பயந்த ஒரு மனுசி எதற்கு வெள்ளை உடுப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்? ரஜனி முதியோர் இல்லம் ஒன்றில் உடுப்புத் தோய்க்கிற பகுதியில் வேலை செய்கிறவர். வெள்ளையையும் கலரையும் பிரித்துப் போடுவதுதான் அவருடைய நாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. நிவேதாவுக்கு எனக்கு முன்னமே விளங்கியிருக்கும்.

அவளுடைய உதடு அசைந்தது. உள்ளே என்னென்ன வரிசையில் நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும். உடுப்புத் தோய்க்கப் பழக்குகிற வீடியோ, வளாகத்து டொக்டர், சாப்பாட்டுத் திட்டம், ரயில். எல்லாம் சரியான பதில்கள்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஹீற்றர் இரைந்தது. எட்டு நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. நான் மணியின் நாக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன். நிவேதா புன்னகைக்கவில்லை, மூச்சைக்கூட ஆழமாக இழுக்கவில்லை. தாயின் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள், நேரம் போகிற மாதிரியே தெரியாமல்.

ரஜனி ஸ்ரியறிங்கைப் பார்த்துப் பேசினார்.

“அப்பா வேலைக்குப் போயிடுவார். உனக்கு ஒண்டு எண்டா நான் என்னெண்டு வாறது? இவ்வளவு வருசத்திலை நான் ஃபோர்-ஓ-வண் ஹைவேயிலை ஒருநாளும் ஏறினதில்லை. அந்தப் பெரிய லொறியளைக் கண்டா எனக்குக் கண்ணை மூடத்தான் தோணும். ஸ்காபரோக்குள்ளை சுத்துறதோடை சரி. பஸ்ஸுக்கு நிண்டு, ரயிலுக்கு நிண்டு நான் வந்து சேர, உனக்குக் காய்ச்சலே மாறிப் போயிடும்.”

“அம்மா…”

“பொறு, நான் இன்னும் முடிக்கேல்லை. பொலிசைக் கூப்பிட்டாலும் நான் இந்த வானிலையிருந்து இறங்க மாட்டன்!”

நிவேதா பொறுத்தாள்.

ரஜனி இரண்டு கையையும் ஏப்ரனில் துடைத்தார். கண்ணாடியைச் சரி பார்த்தார். “அண்ணை, பெல்ற்றைப் போடுங்கோ” என்றார் என்னிடம். வானைப் பின்னுக்கு எடுத்தார். வீட்டு ஜன்னலில் கறுப்புச் சேலையோடு மேரி அன்ரியும், இடியப்பத் தட்டோடு பொன்னுத்துரை அண்ணையும் நின்று, நாடகத்தில் இது எந்தக் காட்சி என்று தெரியாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு சிக்னல் விளக்கைத் தாண்டினோம். ஹைவேக்கு ஏறுகிற பாதை வளைந்தது. பக்கத்தில் லொறிகள் சுவர் சுவராகப் போய்க்கொண்டிருந்தன. ரஜனி இடது சிக்னலைப் போட்டார், “முருகா” என்றார், இரண்டு லொறிக்கு நடுவில் கிடைத்த இடைவெளிக்குள், நிவேதா போகப்போகிற ஊர்ப் பக்கமாக, கிழக்கே ஏறினார்.